வீட்டில் ஆட்டங்களைப் படிக்க எந்த மரக்காய்கள்? ஒரே ஆட்டம், நான்கு செட்டுகள்

2013 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் சே ஊரில் நடந்த சதுரங்கப் போட்டியில், லெவோன் அரோனியனுக்கு எதிராக விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களுடன் ஆடி 23 நகர்த்தல்களில் வென்ற ஆட்டத்தை, நான்கு வெவ்வேறு மர செட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மூன்று செட்டுகள் என்னுடையவை. கருங்காலி செட்டை நண்பர் ஒருவர் ஒரு மாதத்திற்கு இரவல் தந்தார். அலமாரியில் அழகாக இருப்பது எது என்பதோ, போட்டிக்கு எடுத்துச் செல்ல ஏற்றது எது என்பதோ இங்கே கேள்வி இல்லை. புத்தகத்தை ஒரு பக்கமும் குறிப்பேட்டை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, தனியாக உட்கார்ந்து ஓர் ஆட்டத்தை இரண்டு மணி நேரம் படிப்பவருக்கு எது உதவும் என்பதே கேள்வி.

அந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. (பலகையின் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்தும், குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்ணும் பெயர்; இரண்டும் சேர்ந்தது கட்டத்தின் பெயர்.) 16ஆவது நகர்த்தலில் ஆனந்த் டி7 கட்டத்தில் இருந்த குதிரையை இ5 கட்டத்திற்குக் கொண்டுவருகிறார். அந்த நொடியில் சி5 மந்திரி, இ5 குதிரை, ஜி4 குதிரை, எஃப்8 யானை ஆகிய நான்கு கறுப்புக் காய்களும் வெட்டுக்கு நிற்கின்றன. ஆனாலும் பி7 மந்திரியின் மூலைக்கோடு ஜி2 வரை திறந்து கிடக்கிறது. சி5 மந்திரியின் மூலைக்கோட்டில் வெள்ளை ராஜாவுக்கும் அதற்கும் நடுவே டி4 சிப்பாய் ஒன்றுதான் நிற்கிறது. இந்த நிலையைப் பார்த்த மாத்திரத்தில் அந்த இரண்டு கோடுகளும் கண்ணில் பட வேண்டும். மந்திரி எது, சிப்பாய் எது என்று தேட வைக்கும் செட், படிப்பவரின் கவனத்தைத் திருடிவிடுகிறது.

முதலில் அளவைப் பார்க்கலாம், ஏனெனில் பெரும்பாலோர் தவறு செய்வது அங்கேதான். பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே போட்டிகளுக்குப் பரிந்துரைக்கும் அளவுகளின்படி ராஜாவின் உயரம் 9.5 செ.மீ., ராணி 8.5, மந்திரி 7, குதிரை 6, யானை 5.5, சிப்பாய் 5 செ.மீ. இருக்க வேண்டும்; அடிப்பாகத்தின் விட்டம் காயின் உயரத்தில் 40 முதல் 50 விழுக்காடு வரையும், பலகையின் ஒரு கட்டம் 5 முதல் 6 செ.மீ. வரையும் இருக்கலாம். கடைகளில் இந்தப் போட்டி அளவையே சிறந்தது என்று பரிந்துரைக்கிறார்கள். ஆனால் போட்டி மேசை வேறு, வீட்டு மேசை வேறு. 5.5 செ.மீ. கட்டம் என்றால் எட்டுக் கட்டங்களுக்கு 44 செ.மீ. ஆகிறது, சுற்றுச்சட்டத்தையும் சேர்த்தால் பலகை அரை மீட்டரைத் தொடுகிறது. 60 செ.மீ. ஆழமுள்ள சாதாரணப் படிப்பு மேசையில் கையை ஊன்ற மிச்சமிருப்பது 10 செ.மீ. மட்டுமே. 5 செ.மீ. கட்டமும் 2 செ.மீ. சட்டமும் உள்ள பலகை 44 செ.மீ. இடத்தில் அடங்கிவிடுகிறது; அதன்மேல் 8.5 முதல் 9 செ.மீ. வரை உயரமுள்ள ராஜா நெருக்கடி இல்லாமல் நிற்கிறது. காகிதத்தில் அற்பமாகத் தெரியும் இந்த ஆறு சென்டிமீட்டர், ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பார்த்தால் தோளில் தெரியும்.

இனி மரங்களுக்கு வருவோம். நம் நாட்டில் மரச் சதுரங்கக் காய்களின் தலைநகரம் அமிர்தசரஸ். அங்குள்ள கடைசல் பட்டறைகளிலிருந்துதான் உலகின் பல நாடுகளுக்கும் செட்டுகள் போகின்றன. வெள்ளைக் காய்கள் எந்த விலையிலும் பெரும்பாலும் பாக்ஸ்வுட் எனப்படும் வெளிர்மஞ்சள் மரத்தில்தான் வரும். விலையையும் தோற்றத்தையும் தீர்மானிப்பது கறுப்புக் காய்களின் மரம். என் ஒப்பீட்டின் முதல் செட் சீஷம் மரத்தால் ஆனது. இது நம் ஈட்டி மரத்தின் நெருங்கிய உறவு. இரண்டும் டால்பெர்ஜியா பேரினத்தைச் சேர்ந்தவை. கடைகளில் இதைத் தங்க ரோஸ்வுட் என்ற பெயரிலும் விற்கிறார்கள்; அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை 2017 ஜனவரியில் டால்பெர்ஜியா மரங்களின் பன்னாட்டு வணிகத்திற்குக் கட்டுப்பாடு விதித்தது; 2019 நவம்பரிலிருந்து, பத்து கிலோவுக்கு மேற்படாத முழுமையாகச் செய்து முடித்த பொருள்களுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்ப நினைப்பவர்கள் அனுமதி குறித்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

சீஷம் செட்டின் மேல் எனக்குத் தனிப்பற்று உண்டு, ஏனெனில் நான் வாங்கிய முதல் மர செட் அது. ஒவ்வொரு காயிலும் மரத்தின் ரேகை வேறுவேறாக ஓடுகிறது. இரண்டு குதிரைகளில் ஒன்றின் கழுத்தில் மட்டும் வெளிர் கீற்று ஒன்று இறங்குவதால், அது எந்தக் குதிரை என்று ஆட்டத்தின் நடுவிலும் சொல்லிவிட முடியும். விலையும் எட்டக்கூடியது. குறை என்னவென்றால், சீஷம் பழுப்பு நிறம். பலகையின் கறுப்புக் கட்டமும் பெரும்பாலும் பழுப்பே. சீஷம் பலகைமேல் சீஷம் காய்களை வைத்தபோது, இ5 கறுப்புக் கட்டத்தில் நின்ற குதிரை இரவு விளக்கில் கட்டத்தோடு கரைந்துபோனது. ஆட்டத்தின் உயிரான காயே கண்ணுக்குத் தப்பியது. சீஷம் வாங்குபவர்கள் பலகையை வேறு மரத்தில், அதாவது மேப்பிளும் வால்நட்டும் சேர்ந்ததாகவோ அதைவிட வெளிர் நிறத்திலோ வாங்கினால் இந்தக் குறை பெருமளவு தீரும்.

கருங்காலி செட் எல்லோரும் ஆசைப்படுவது. விலையும் சீஷத்தைப் போலப் பல மடங்கு. கையில் எடுத்ததும் அதன் அடர்த்தி தெரிகிறது. கடைசலில் அந்த மரம் கண்ணாடிபோல மெருகேறுவதால் விளிம்புகள் கூர்மையாக நிற்கின்றன. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் படிப்பதற்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மெருகேறிய கருங்காலி குழல்விளக்கின் கீழ் வெண்கோடுகளாக மின்னுகிறது. மந்திரியின் தலையில் சாய்வாக வெட்டியிருக்கும் பிளவு அந்த மினுமினுப்பில் மறைந்துபோகிறது. இரண்டாவது காரணம் வெடிப்பு. கருங்காலி ஈரத்தை விடும்போது சுருங்கி வெடிக்கும் இயல்புள்ளது. சென்னையைப் போன்ற கடலோர ஊர்களில் பகலெல்லாம் ஈரக்காற்றிலும் இரவெல்லாம் குளிர்சாதன அறையிலும் மாறிமாறி இருப்பது அதற்கு ஆகாது. நண்பரின் செட்டில் கறுப்பு ராணியின் அடிப்பாகத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் ஏற்கெனவே ஓடியிருந்தது. அவர் அதை மெழுகால் நிரப்பியிருந்தார். நகத்தால் தடவினால் இன்னும் தட்டுப்படுகிறது.

மூன்றாவது செட்டின் இரண்டு பக்கக் காய்களும் பாக்ஸ்வுட். கறுப்புக் காய்களுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். சாயமேற்றிய காய் போலியானது என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன். படிப்பு மேசையில் வைத்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. வால்நட் பழுப்பின்மேலும் மேப்பிளின் வெளிர்நிறத்தின்மேலும் அந்தக் கறுப்பு ஒரேபோலத் தெளிவாக நிற்கிறது. மெருகு மிதமாக இருப்பதால் விளக்கொளி சிதறுவதில்லை. 16ஆவது நகர்த்தலில் கறுப்பின் மந்திரிகளும் குதிரைகளும் வெள்ளை ராஜாவை நோக்கித் திரும்பியிருப்பது, பலகையை நிமிர்ந்து பார்த்த அந்தக் கணத்திலேயே கண்ணில் விழுந்தது இந்த செட்டில்தான். ஆண்டுக்கணக்கில் புழங்கினால் குதிரையின் காது நுனியிலும் யானையின் விளிம்பிலும் சாயம் தேய்ந்து உள்மரம் எட்டிப் பார்க்கும் என்பது உண்மை. என் செட்டில் ஒரு யானைக்கு அப்படி ஆகியிருக்கிறது. படிப்பதற்கு அது தடையாக இல்லை.

நான்காவது, மடித்துப் பெட்டியாக மூடும் காந்த செட். ரயிலில் மதுரை போகும் இரவுக்கும் மருத்துவமனையில் காத்திருக்கும் பொழுதுக்கும் இதற்கு நிகர் இல்லை. வீட்டு மேசைக்கு இது வேண்டாம். கட்டங்கள் சிறியவை, மந்திரிக்கும் சிப்பாய்க்கும் உயர வேறுபாடு மிகக் குறைவு, பலகை மடிகிற பிளவு, ஆட்டங்களின் பெரும்போர் நடக்கும் நான்காம் ஐந்தாம் வரிசைகளுக்கு நடுவே ஓடுகிறது.

வடிவத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இன்று நாம் புழங்கும் ஸ்டான்டன் வடிவத்தை 1849ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நத்தானியேல் குக் பதிவு செய்தார். ஜாக்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. அக்காலத்தின் முன்னணி ஆட்டக்காரரான ஹோவர்டு ஸ்டான்டன் தன் பெயரைக் கொடுத்தார். ஒவ்வொரு காயும் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும் என்ற தேவையை அந்த வடிவம் தீர்த்ததால்தான் அது நிலைத்தது. அதற்குப் போட்டியாக நான் கருதுவது, 1950இல் யுகோஸ்லாவியாவின் டுப்ரோவ்னிக் நகரில் நடந்த ஒலிம்பியாடுக்காக வடிவமைக்கப்பட்ட செட். முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் பெரிதும் விரும்பிய வடிவம் அது. அதில் ராஜாவின் தலையில் சிலுவை இல்லை; மந்திரியின் தலையில் பிளவு இல்லை, மாறாக எதிர்நிறத்தில் ஒரு சிறு முனை இருக்கிறது. கறுப்பு மந்திரியின் உச்சியில் வெளிர்ப்பொட்டு இருப்பதால் அது நெரிசலிலும் தனித்துத் தெரிகிறது. ஆனால் புதிதாகப் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் அந்த முனையைப் பார்த்து எந்தப் பக்கத்துக் காய் என்று தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஆதலால் வீட்டில் சிறுவர்கள் இருந்தால் ஸ்டான்டன், தனியாகப் படிப்பவருக்கு இரண்டில் எதுவும் என்பது என் தீர்ப்பு.

பலகையில் விலை உயர்ந்ததே நல்லது என்று எண்ண வேண்டாம். திடமரத் துண்டுகளை ஒட்டிச் செய்த பலகை ஈரத்தில் வளைகிறது, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைமேல் மெல்லிய மரத்தகடு ஒட்டியது தட்டையாகவே இருக்கிறது. பளபளப்பு இல்லாத மேற்பூச்சும், ஓரத்தில் எழுத்துகளும் எண்களும் உள்ள பலகையாக இருந்தால் புத்தகத்திலிருந்து நகர்த்தல்களைப் பின்தொடர்வது எளிது.

வாங்கும்போது குதிரையைப் பாருங்கள். மற்றக் காய்கள் கடைசலில் உருவாகின்றன, குதிரை கையால் செதுக்கப்படுகிறது; செட்டின் விலையில் பெரும்பங்கு குதிரைகளின் செதுக்கு வேலைக்கே போகிறது. கண், நாசி, பற்கள், பிடரி ஆகியவை நான்கு குதிரைகளிலும் ஒத்திருந்தால் மற்றவையும் நன்றாக இருக்கும் என்று நம்பலாம். அடுத்து ஒவ்வொரு காயையும் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். அடியில் குடைந்து வைத்த இரும்பு எடை சரியாக ஒட்டாமல் விட்டால் லொடலொடவென்று சத்தம் கேட்கும். முன்பு ஒரு கடையிலிருந்து எனக்கு வந்த செட்டில் மூன்று சிப்பாய்கள் அப்படி இருந்தன, திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இரட்டை எடை, மூன்று மடங்கு எடை என்ற விளம்பரச் சொற்களுக்குப் பொது அளவுகோல் எதுவும் இல்லை. மொத்த எடை எத்தனை கிராம் என்று கேளுங்கள். வேறுவிதமாக ஆடியிருந்தால் என்ன ஆகும் என்ற கிளை ஆட்டங்களை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கிறவருக்கு அளவுக்கு மீறிய எடை கைவலிதான். அடியில் ஃபெல்ட் துணி முழுவதும் படிந்திருக்கிறதா என்பதும் முக்கியம். வீடே உறங்கும் நேரத்தில் காயை வைக்கும் ஓசை அந்தத் துணியில்தான் அடங்குகிறது. ஒவ்வொரு நிறத்திலும் கூடுதலாக ஒரு ராணி இருக்கும் செட்டையே வாங்குங்கள், சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டு ராணியாக மாறும் கிளைகளைப் படிக்கும்போது அது இல்லாமல் முடியாது.

கருங்காலி செட்டை நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சீஷம் செட் கூடத்தில், வருகிறவர்களோடு ஆடுவதற்கு இருக்கிறது. படிப்பு மேசையில் இருப்பது சாயமேற்றிய பாக்ஸ்வுட் செட். அரோனியன் எஃப்8 யானையை வெட்டியபின் ஆனந்த் எஃப்5 கட்டத்திற்குச் சிப்பாயை நகர்த்திய 19ஆவது நகர்த்தல் அதில் இரண்டு நாளாக அப்படியே நிற்கிறது.