இன்ஜின் மவுண்டிங்கை ‘அப்கிரேட்’ செய்யச் சொன்னால் அவசரப்படாதீர்கள்

சென்னையில் வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூருக்குத் தினமும் போய்வரும் டீசல் கார் என்னுடையது. மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆர். நெரிசலில் கிளட்ச்சை விடும்போதெல்லாம் கீழே ‘டொக்’கென்று ஒரு சத்தம். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங் போயிருக்கும் என்றார் நண்பர். அதுவரை சரிதான்.

ஜி.பி. ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்ததோடு சரி. “மூணுமே போச்சு சார். கம்பெனி ரப்பர் போட்டா மறுபடியும் இதேதான். ஃபாரின் பாலியூரிதேன் போட்டுடலாம், வண்டி இருக்கிற வரைக்கும் வரும்.” பாலியூரிதேன் என்பது ரப்பர் மாதிரியே, ஆனால் அதைவிடக் கடினமான பொருள். மொத்தம் 13,500 ரூபாய். பில் கேட்டதற்கு, “ஜி.எஸ்.டி. சேரும், பரவாயில்லையா?” என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கவில்லை.

டொக் சத்தம் நின்றது. ஆனால் சிக்னலில் ஏசியோடு நின்றால் ஸ்டியரிங், சீட், டேஷ்போர்டு எல்லாம் நடுங்கின. ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டி மங்கலாகத் தெரிந்தது. “ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும் சார், செட் ஆகிடும்” என்றார்கள். ஓடியது, செட் ஆகவில்லை. அம்மாவுக்கு முதுகெலும்புத் தேய்மானம். ஒருநாள் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது, “அடுத்த தடவை ஆட்டோவிலேயே போயிடலாம்பா” என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேடவாக்கத்தில் ஒரு வயதான மெக்கானிக் கழற்றிக் காட்டினார். ஃபாரினும் இல்லை, புதிதும் இல்லை. ஏதோ பழைய மவுண்டிங்கின் இடைவெளிகளில், முன்கண்ணாடி ஒட்டும் கறுப்புப் பசையை அடைத்து மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். சுரண்டியதும் பழைய ரப்பரின் வெடிப்புகள் தெரிந்தன.

அவர் விளக்கியது எல்லோருக்கும் பயன்படும். வண்டி நிற்கும்போது இன்ஜின் மட்டும் ஓடுவதுதான் ஐடில். அப்போது நிமிடத்துக்கு 800 சுற்று (ஆர்.பி.எம்.) என்றால், நான்கு சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 26, 27 தடவை உதைக்கும். அந்த உதை பாடிக்கு வராமல் வாங்கிக்கொள்வதுதான் மவுண்டிங்கின் வேலை, அதற்காகத்தான் ரப்பர். சில வண்டிகளில் உள்ளே திரவம் நிரப்பிய மவுண்டிங்கே வரும். ரேஸ் வண்டியில் இன்ஜின் அசையக் கூடாது, அதிர்வைப் பற்றிக் கவலை இல்லை, அதனால் கடினமானதைப் போடுகிறார்கள். அசல் பாலியூரிதேனாகவே இருந்தாலும் ஐடிலில் அதிர்வு கூடத்தான் செய்யும். ஆசைப்பட்டால் மூன்றில் கீழே உள்ள டார்க் ராடு என்ற மவுண்டிங்கின் ரப்பர் புஷ்ஷை மட்டும் சற்றுக் கடினமாகப் போடலாம். அது இன்ஜினின் எடையைத் தாங்குவதில்லை, முன்னும் பின்னும் ஆடாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. எடையைத் தாங்கும் மற்ற இரண்டும் கம்பெனி மவுண்டிங்காகவே இருக்கட்டும்.

நான் சொன்ன சத்தத்துக்கு முதலில் அந்த டார்க் ராடைத்தான் பார்த்திருக்க வேண்டுமாம். மற்ற இரண்டும் நன்றாக இருந்தனவா என்று இனி தெரிந்துகொள்ள வழியில்லை, அவை கடையிலேயே போய்விட்டன. தயவுசெய்து, எந்த மவுண்டிங்கில் ரப்பர் கிழிந்திருக்கிறது, எதில் உள்ளே இருக்கும் திரவம் கசிகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே கழற்ற விடுங்கள். புதியதைப் பார்ட் நம்பர் உள்ள பெட்டியோடு உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பில்லை விடாதீர்கள்.

அந்தக் கடைக்கே திரும்பிப் போய்க் கேட்டபோது, “இது நாங்க போட்டதே இல்ல” என்றார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பில் இல்லாததால் என்னிடம் இருப்பது யு.பி.ஐ. ரசீதும், பசை அடைத்த அந்த மவுண்டிங்கும்தான்.