வாளையா, வலையா: 2011 முதல் தமிழில் மின்னஞ்சல் அனுப்பும் அனுபவம்

கம்பெனிக்கு வரும் மின்னஞ்சலில் 'வாளை 40' என்று தமிழில் இருந்தால் எனக்குச் சந்தேகமே வராது. அதையே ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பினால் வாளை மீனா, வலையா என்று போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் மீன் கம்பெனிக் கணக்கு எழுத உட்கார்ந்த 2011-லிருந்து, இதற்காகவே தமிழில் அடித்து அனுப்புகிறேன். அன்று முதல் இன்று வரை தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருள்தான். இத்தனை வருடத்தில் எழுத்து உடைந்து வந்த கடிதங்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவற்றை மீட்டுவிடலாம். எப்படி உடைந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மீட்க முடியாததை முதலில் சொல்லிவிடுகிறேன். ரூபாய்க் குறியை மத்திய அரசு 2010 ஜூலையில் ஏற்றது. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் தரும் யூனிகோடிலும் அதே ஆண்டு சேர்ந்தது. 2013-இல் விலைப் பட்டியலில் ஆசையாக ₹ போட்டு வெளியூர் வியாபாரி ஒருவருக்கு அனுப்பினேன். அவருக்குத் தெரிந்தது '?320'. குளிர்நிலை –18° என்று எழுதியிருந்தது '?18?' ஆகியிருந்தது. "விலையைச் சொல்றீங்களா, எங்கிட்ட கேக்குறீங்களா?" என்று போன் வந்தது. விலையைக்கூடப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். மைனஸ் காணாமல் போனதுதான் என்னைப் பயமுறுத்தியது. உறைய வைத்த இறாலை 18 டிகிரியில் வைத்தால் என்ன ஆகும் என்று இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பட்டியலை வேர்டில் அடித்து ஒட்டியிருந்தேன். அது சாதாரணச் சிறுகோட்டைத் தானாகவே நீளக்கோடாக மாற்றியிருக்கிறது. அவருடைய பழைய மென்பொருளோ, தனக்குத் தெரியாத குறிகளையெல்லாம் கேள்விக்குறியாக்கிச் சேமித்துவிட்டது. அப்படிச் சேமித்த பிறகு மூல எழுத்து அங்கே இல்லை. திரும்ப அனுப்பச் சொல்வது ஒன்றே வழி. அன்றிலிருந்து வெப்பநிலையை மட்டும் 'மைனஸ் 18 டிகிரி' என்று எழுத்தால் எழுதுகிறேன்.

கட்டம் கட்டமாக வந்தால் கவலை வேண்டாம். எழுத்து பத்திரமாக இருக்கிறது, அந்தக் கணினியில் அதற்கான எழுத்துரு இல்லை. போட்டால் சரியாகிவிடும்.

பலரும் பயந்து அழித்துவிடுவது கிறுக்கலாக வரும் கடிதங்களைத்தான். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் ®, அப்புறம் ஏதோ ஒன்று, மறுபடி அதே ஏ என்று வரிவரியாக ஓடும். யூனிகோடு எழுத்தைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு). அதில் முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இரண்டாவது பைட்டாக இரண்டே வகைதான் வரும். வாங்குகிற பக்கம் அதை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று எடுத்துக்கொண்டு பைட்டுக்கு ஒரு குறியாகக் காட்டுவதால் வரும் கோலம் இது. பார்த்துப் பார்த்து எனக்குச் சில சொற்கள் கிறுக்கலிலேயே அடையாளம் தெரிகின்றன. 'ம' வந்தால் மட்டும் ®® என்று ஜோடியாக நிற்கும். 'மண்டபம்' ஒரு ஜோடியில் தொடங்கி, கடைசிப் புள்ளிக்கு முன்னால் இன்னொரு ஜோடி வைத்திருக்கும்.

தண்டர்பேர்டில் இதற்குப் பழைய பதிப்புகளில் குறியாக்கப் பட்டியல் இருந்தது, யூடிஎஃப்-8 என்று நாமே தேர்ந்தெடுப்போம். இப்போது 'காட்சி' மெனுவில் எழுத்துக் குறியாக்கத்தைச் சரிசெய்ய ஒரே கட்டளை. அழுத்தியதும் கிறுக்கல் தமிழாக மாறும் அந்த நொடி இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். ஒரு விஷயம்: கிறுக்கலை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய மூன்றாவது பைட்டுக்கு மேற்கத்திய விண்டோஸ் பட்டியலில் எழுத்தே கிடையாது. நகலெடுக்கும்போது அது நழுவிவிடும். பிறகு மாற்றினாலும் புள்ளி இருந்த இடமெல்லாம் உடைந்தே வரும். மூலக் கடிதத்தையே அப்படியே முன்னனுப்பச் சொல்லுங்கள்.

ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள் வேறு கதை. அதில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே போவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. குறியாக்கத்தை எப்படி மாற்றினாலும் அது தமிழாகாது, எழுத்துரு மாற்றிக்குள் போட்டு எடுக்க வேண்டும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும்போது எனக்கும் வேலை குறைவு. போன தடைக்காலத்தில் பழைய பாமினி கடிதங்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். காலமான ஒரு சம்மாட்டி (படகு உரிமையாளர்) தன் படகுக் கணக்கோடு எழுதிய நாலு வரி அதில் கிடைத்தது. அவர் மகனுக்கு அச்செடுத்துக் கொடுத்தேன்.

புதிதாக யாரோடு வியாபாரம் தொடங்கினாலும் முதல் கடிதம் ஒரே வரிதான்: 'மண்டபம் வாளை ₹320 ½ கிலோ –18°'. தலைப்பிலும் அதையே போடுகிறேன், ஏனென்றால் தலைப்பைத் தனியாகத் துண்டு துண்டாக்கித்தான் மென்பொருள் அனுப்பும். துண்டு தப்பாக விழுந்தால் நடு எழுத்து மட்டும் சிதறும். படித்ததை அப்படியே திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்வேன். எல்லா எழுத்தும் குறியும் ஒழுங்காக இருந்தால்தான் விலைப் பட்டியல் போகும்.