டொமைன் பெயர் யாருடைய பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்

உங்கள் கடைக்கோ, மாதர் சங்கத்துக்கோ, கோயிலுக்கோ யாராவது இணையத்தளம் செய்து தந்திருந்தால், அதன் டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி, யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. இரண்டு வருடம் பாவித்த பெயர் எங்கள் கையை விட்டுப் போய்விட்டது.

நானும் மச்சாளும் இன்னும் நாலு பெண்களும் சேர்ந்து ஒட்டுசுட்டானில் ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி பொதி செய்து விற்கிறோம். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கிற உறவுகள். அவர்களுக்காகத்தான் 2022 தொடக்கத்தில், வவுனியாவில் இணையத்தளம் செய்து கொடுக்கிற ஒரு தம்பியிடம் போனோம். தளத்துக்கு 45,000 ரூபா. "டொமைன் முதல் வருடம் இலவசம் அக்கா" என்றார். ஒரு டொட் கொம் பெயர் எடுத்துத் தந்தார். அந்தப் பெயரைப் போட்டு 2,000 லேபிள் அச்சடித்தோம்.

அடுத்த வருடம் புதுப்பிக்க 18,500 ரூபா கேட்டார். "டொலர் ஏறிவிட்டது அக்கா." டொலர் ஏறியது உண்மைதான். நாங்கள் தளம் செய்தபோது 200 ரூபா அளவில் நின்றது, பிறகு 360 வரை போனது. எல்லா விலையும் ஏறிய காலம், நம்பிக் கட்டினோம். 2024 இல் டொலர் 320க்கு இறங்கியிருந்தது. அவர் கேட்டது 32,000. அப்போதுதான் மனதில் தைத்தது. கிளிநொச்சியில் கணினி படிப்பிக்கிற அண்ணன் மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் சொன்னதையும், பிறகு நானே தேடி வாசித்ததையும் எழுதுகிறேன். இது விளங்காமல் இருந்ததால்தான் நாங்கள் ஏமாந்தோம்.

1999 வரைக்கும் டொட் கொம் பெயர் விற்றது ஒரே நிறுவனம், நெட்வேர்க் சொலூஷன்ஸ். 1995 இல் அவர்கள் வைத்த விலை இரண்டு வருடத்துக்கு 100 டொலர். 1998 இல், டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கிற ஐகான் அமைப்பு வந்தது. அடுத்த வருடமே விற்பனை பல நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டது, விலை விழுந்தது. ஆனால் திறக்கப்பட்டது சில்லறை விற்பனை மட்டும்தான். மொத்த வியாபாரம் இன்றைக்கும் வெரிசைன் என்ற ஒரே நிறுவனத்திடம் இருக்கிறது. எங்களுக்குச் சில்லறையாக விற்கிற கடைதான் பதிவு நிறுவனம். எந்தப் பதிவு நிறுவனம் டொட் கொம் விற்றாலும் வெரிசைனுக்கு ஒரே விலைதான் கட்டவேண்டும். நாங்கள் 18,500 கட்டியபோது அந்த மொத்த விலை 8.97 டொலர். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 3,200 ரூபா. அதிலிருந்து ஏறி ஏறி 2024 செப்டெம்பரில் 10.26 டொலர் ஆனது.

எல்லாக் கடைக்கும் கொள்விலை ஒன்று, விற்கிற சாமானும் ஒன்று. அப்படியென்றால் எதைக் காட்டி ஆளைப் பிடிப்பது? முதல் வருட விலையைக் காட்டித்தான். அதனால்தான் ஒரு டொலர் என்றும் இலவசம் என்றும் விளம்பரம் வருகிறது. அந்த நட்டத்தை இரண்டாம் வருடப் புதுப்பிப்பிலும், தளத்தை வைத்திருக்க இடம் தருகிற ஹோஸ்டிங்கிலும், மின்னஞ்சல் வசதியிலும் எடுத்துவிடுவார்கள். லேபிள் அடித்து, ஊரெல்லாம் பெயரைச் சொல்லிப் பழகிய பிறகு பெயரை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இதை ஒரேயடியாகப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். விலை பிடிக்காவிட்டால் பெயரைத் தூக்கிக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போக வழி இருக்கிறது. பதிவில் உள்ள உரிமையாளர் கேட்டால் ஐந்து நாளுக்குள் மாற்றக் குறியீட்டை, அதுதான் ஓத் கோட் என்பார்களே, அதைக் கொடுக்கவேண்டும் என்பது ஐகான் விதி. ஆனால் புதிதாகப் பதிந்து 60 நாள் ஆகியிருக்கவேண்டும்.

எங்களுக்கு அந்த வழியும் அடைபட்டது. பதிவில் உரிமையாளராக இருந்தது அந்தத் தம்பியின் நிறுவனம். எங்கள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஓத் கோட் கேட்டேன். 40,000 ரூபா தந்தால் தருவேன் என்றார். சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல "அக்கா, இதெல்லாம் உங்களுக்கு விளங்காது" என்றும் சொன்னார். அதற்குப் பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. மச்சாள் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனா, கடை பூட்டிக் கிடந்தது.

காலாவதிக்கு ஒரு மாதம் முன்னும், ஒரு கிழமை முன்னும், முடிந்து ஐந்து நாளுக்குள்ளும் பதிவு நிறுவனம் நினைவூட்டல் அனுப்பவேண்டும். அனுப்பியிருப்பார்கள். அத்தனையும் அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் போயிருக்கும். அவர் புதுப்பிக்கவில்லை. மாசி மாதம் ஒரு காலை தளம் இல்லை. வெளிநாட்டிலுள்ள அந்தப் பதிவு நிறுவனத்துக்கு அண்ணன் மகனைக் கொண்டு எழுதினோம். பதிவில் உள்ளவரோடு மட்டும்தான் கதைப்போம் என்று பதில் வந்தது. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், வழியில் போகிறவர் கேட்டால் தூக்கிக் கொடுக்க முடியாதுதானே.

சித்திரையில் ஸ்காபரோவிலிருந்து ஒரு அம்மா எடுத்தா. "பிள்ளை, உங்கடை இடத்திலை சூதாட்டம் ஓடுது" என்றா. எங்கள் பெயரை யாரோ எடுத்துச் சூதாட்டத் தளம் ஆக்கியிருந்தார்கள். புருசனில்லாமல் பிள்ளைகளை வளர்க்கிற பெண்கள் எங்களில் மூன்று பேர். அன்றைக்கு அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

முறைப்பாடு செய்ய ஒரு வழி இருக்கிறது. ஆனால் வணிகக்குறி உரிமை எங்களுடையது என்று காட்டவேண்டும். உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரே ஒரு நடுவர் வைத்து விசாரிக்கவே 1,500 டொலர். ஒடியல் விற்று அதைக் கட்ட எங்களால் ஏலாது. மீதமிருந்த லேபிள்களில் முகவரிக்கு மேல் வெள்ளைத் தாள் வெட்டி ஒட்டினோம். இரண்டு இரவு போனது.

இப்போது புதுப்பெயர் என் பெயரில், என் மின்னஞ்சலில், என் வங்கி அட்டையில் இருக்கிறது. பதியுமுன் முதல் வருட விலையைப் பார்க்கவில்லை, புதுப்பிப்பு விலையைத்தான் தேடிப் பார்த்தேன். அட்டை இல்லாதவர்கள் இலங்கைக்கான டொட் எல்கே பெயரை யோசிக்கலாம், ரூபாவில் கட்டலாம். ஆனால் அதற்கு இந்த ஐகான் விதிகள் செல்லாது. எல்கே பதிவகத்தின் தனி விதிகளை வாசித்துவிட்டு எடுங்கள். தமிழிலேயே டொட் இலங்கை என்றும் 2010 முதல் இருக்கிறது.

ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் ஐகானின் தேடல் பக்கத்தில் உங்கள் டொட் கொம் பெயரைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் விபரம் பெரும்பாலும் மறைந்திருக்கும், ஆனால் எந்த நிறுவனத்தில் பதிவு, என்றைக்குக் காலாவதி என்ற இரண்டும் தெரியும். அப்புறம் தளம் செய்தவரிடம் பேசி, காலாவதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்னமே கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். நல்லவர் என்றால் அன்றைக்கே செய்து தருவார். எங்களுக்குப் புதுத்தளம் செய்த முல்லைத்தீவுத் தங்கச்சி நான் கேட்குமுன்னமே கடவுச்சொல்லை எழுதித் தந்தா.

எங்கள் பழைய பொதி யாருடைய வீட்டிலாவது இருந்தால், அதில் உள்ள இணைய முகவரியைத் திறக்காதீர்கள். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். அந்தப் பொதியில் முகவரிக்குக் கீழே உள்ள தொலைபேசி எண் மாறவில்லை, அதற்கே எடுங்கள்.