மூன்று கட்டு வீட்டில் இன்டர்நெட்: பவர்லைன், மெஷ், கேபிள் மூன்றையும் வாங்கியவனின் அனுபவம்

கும்பகோணத்தில் எங்கள் வீடு தெருவாசலிலிருந்து கொல்லைக் கதவு வரை 115 அடி நீளம். அகலம் 20 அடிதான். திண்ணை, ரேழி, முற்றத்தோடு கூடம், இரண்டாம் கட்டு, சமையற்கட்டு, கடைசியில் கிணற்றடியை ஒட்டி மாடியில் ஒரு அறை. ஃபைபர் வயர் தெருக் கம்பத்திலிருந்து வருவதால் மோடம் ரேழியில் உட்கார்ந்துவிட்டது. என் வேலை மேசையோ அந்தக் கடைசி மாடி அறையில். தெருச் சத்தமும் அம்மாவின் சீரியல் சத்தமும் எட்டாத ஒரே இடம் அது. இரண்டுக்கும் நடுவில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய 18 அங்குலச் சுவர்கள் நான்கு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது, மாடி அறையில் வைஃபை பெயரைக்கூடக் காட்டவில்லை. ஒரு மாதம் முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து வேலை பார்த்தேன். அதற்கப்புறம் வாங்கியதுதான் பவர்லைன் அடாப்டர் ஜோடி. விலை 5,500 ரூபாய்க்குப் பக்கம்.

பவர்லைன் என்றால், வீட்டு மின்கம்பியையே லேன் கம்பியாக (மோடத்தையும் கணினியையும் இணைக்கும் வயராக) பயன்படுத்துவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. இந்தப் பெட்டிகள் அதே கம்பியில் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே தகவலை ஏற்றி அனுப்புகின்றன. ஒரு பெட்டியை மோடம் பக்கத்து ப்ளக்கில் செருகி லேன் வயரால் இணைக்க வேண்டும். இன்னொன்றை மேசைக்குப் பக்கத்தில் செருக வேண்டும். பட்டனை அழுத்தினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். சுவரைத் தொட வேண்டாம், ஆணி அடிக்க வேண்டாம். பெட்டியின் மேல் 1000 என்று பெரிதாகப் போட்டிருந்தது. அந்த எண்ணை நம்பாதீர்கள். கம்பியில் ஓடும் மொத்தக் கச்சா வேகம் அது. இதர செலவெல்லாம் போகக் கைக்கு வருவது நல்ல கம்பியிலேயே அதில் ஒரு பங்குதான். 600 என்று போட்டு விற்கும் பல மாடல்களில் லேன் துளையே 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) தாண்டாது.

எனக்கு வந்தது 18. மோடத்தில் 100 எம்பிபிஎஸ் திட்டம், மாடி அறையில் 18. சில நாள் 12. ஸ்பைக் பஸ்டரில் செருகியிருந்ததுதான் காரணம் என்று நினைத்து நேராகச் சுவர் ப்ளக்கில் போட்டேன். (அந்தப் பட்டைகளில் இருக்கும் இரைச்சல் வடிகட்டி, அடாப்டரின் பேச்சையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.) 18 என்பது 24 ஆனது. அவ்வளவுதான்.

விடை ஒரு மின்தடையில் கிடைத்தது. எங்கள் வீட்டில் மூன்று ஃபேஸ் இணைப்பு. ஒரு ஃபேஸ் போனால், மீட்டர் பலகையில் இருக்கும் திருகு சுவிட்சைத் திருப்பி வேறு ஃபேஸில் ஓட்டிக்கொள்வது இங்கே எல்லா வீட்டிலும் வழக்கம். ஒரு மாலை வாசல் பக்கத்து ஃபேஸ் போய்விட்டது. அம்மா எழுந்து போய் சுவிட்சைத் திருப்பினார். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மாடி அறையில் வேகம் 65. ஈபி ஆட்கள் சரி செய்து, அம்மா பழைய இடத்துக்குத் திருப்பியதும் மறுபடி 24.

அப்போதுதான் உறைத்தது. ரேழி ஒரு ஃபேஸ், மாடி அறை இன்னொரு ஃபேஸ். இரண்டு ஃபேஸும் வீட்டுக்குள் எங்கும் சேர்வதில்லை. பலகையில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் கம்பிகளுக்கிடையே கசிகிற கொஞ்சநஞ்சம்தான் மறுபக்கம் போய்ச் சேருகிறது. அந்தக் கசிவில்தான் நான் ஆறு மாதம் மீட்டிங் நடத்தியிருக்கிறேன்.

எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பலகையைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன் தம்பி வயரை மாத்தணும்? ரெண்டு பெட்டியையும் இன்வெர்ட்டர் லைன்ல போட்டுடுங்க. அது வீடு முழுக்க ஒரே ஃபேஸ்தானே?" என்றார். லைட், ஃபேன் சுவிட்ச் போர்டுகளில் இருக்கும் சின்ன ப்ளக் எல்லாம் எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் லைன். இரண்டையும் அங்கே மாற்றினோம். 60க்கு மேல் நின்றது, கூடவே கரண்ட் போனாலும் இணைப்பு போகவில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை. மூன்று ஃபேஸ் வீட்டில் பவர்லைன் வாங்கியிருப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

மிச்சமிருந்தது மிக்ஸி. காலை 8 மணிக்கு எனக்கு சிட்னி குழுவோடு மீட்டிங். அதே நேரம்தான் சமையற்கட்டில் சட்னி. மிக்ஸி சுற்ற ஆரம்பித்தால் என் முகம் திரையில் உறைந்துவிடும். மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசி உரசித் தீப்பொறி விடுகிறது. அந்த இரைச்சல் மின்கம்பியில் ஏறி பவர்லைன் அலைவரிசை முழுக்கப் பரவுகிறது. வேடிக்கை என்னவென்றால், ஒரு மணி நேரம் மாவு அரைக்கும் கிரைண்டரால் ஒரு தொல்லையும் இல்லை. அதில் இருப்பது பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார். பிறகு மலிவு எல்இடி பல்பு, பெயர் தெரியாத போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துக் குற்றவாளிகளைப் பிடித்தேன். ஒரு சார்ஜர் மட்டும் 15 எம்பிபிஎஸ்ஸைத் தின்றுகொண்டிருந்தது. சட்னியை 7:45க்கு நகர்த்த வீட்டில் சம்மதம் கிடைத்தது, ஆனால் விருந்தாளி வந்தால் அந்த ஒப்பந்தம் செல்லாது.

இரண்டு வருடம் இப்படி ஓட்டினேன். 2022இல் மகளுக்கு டேப்லெட், அம்மாவுக்கு ஸ்மார்ட் டிவி, இரண்டாம் கட்டிலும் வைஃபை வேண்டும் என்று ஆனது. பவர்லைன் ஒரு மேசைக்குத்தான் தீர்வு, வீட்டுக்கு இல்லை. 11,000 ரூபாய் கொடுத்து மூன்று பெட்டி மெஷ் வாங்கினேன். மெஷ் என்றால், ஒன்றுக்கொன்று வைஃபையிலேயே பேசி இணைப்பைக் கைமாற்றும் பெட்டிகள்.

மெஷ்ஷைப் பற்றிக் குறை சொல்லும் முன் ஒன்று: பொருத்திய அன்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ரேழியில் ஒன்று, முற்றத்து ஓரம் ஒன்று, மாடி அறை வாசலில் ஒன்று. வீடு முழுக்க ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. முற்றம் திறந்தவெளி என்பதால் முதல் தாவல், அதாவது முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதற்கு, பிரமாதம். கூடத்தில் 90 வந்தது. நம் பழைய வீடுகளில் முற்றம்தான் வைஃபைக்கும் ஜன்னல்.

சிக்கல் இரண்டாவது தாவலில். நான் வாங்கியது இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள மலிவு ரகம். நடுப்பெட்டி, முதல் பெட்டியிடமிருந்து வாங்குவதும் மூன்றாம் பெட்டிக்குக் கொடுப்பதும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில். வாங்கும்போது கொடுக்க முடியாது, கொடுக்கும்போது வாங்க முடியாது. ஒவ்வொரு தாவலுக்கும் ஏறக்குறைய பாதி போய்விடும். அதற்கு மேல் இரண்டு சுண்ணாம்புச் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் தடித்த சுவர் என்றால் சுருண்டுவிடும், 2.4 ஊடுருவும், ஆனால் மெதுவானது, அதோடு தெருவில் இருக்கும் எல்லா வீட்டு ரவுட்டரும் அதில்தான் கத்திக்கொண்டிருக்கிறது. மாடி அறையில் 30 முதல் 40 வந்தது. பவர்லைனைவிடக் குறைவு. அந்த வேகம்கூடப் போதும். போதாதது சீர். பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) போட்டால் 8 மில்லிசெகண்ட், 11, 9, திடீரென்று 240. படம் பார்க்கிறவருக்கு இது தெரியாது. பேசுகிறவருக்கு, வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல் காணாமல் போகும்.

இன்னொன்று, ரேழியிலிருந்து பேசிக்கொண்டே மாடிக்குப் போனால் போன் முதல் பெட்டியை விடாது. ஒற்றைக் கோட்டு சிக்னலில் தொங்கிக்கொண்டிருக்கும். எந்தப் பெட்டிக்கு மாறுவது என்று கடைசியாக முடிவு செய்வது போன்தான். மெஷ் பெட்டி யோசனை சொல்லலாம், கட்டளை போட முடியாது. மூன்று அலைவரிசை மாடலில் பெட்டிகளுக்கிடையே பேச ஒரு ரேடியோவைத் தனியாக ஒதுக்க முடியும் என்பதால் அந்தப் பாதிக்குப் பாதி இழப்பு குறையும். ஆனால் விலை இரண்டு மடங்குக்கு மேல், என் சுவரோ அதே சுவர்.

கேபிள் இழுக்கலாம் என்று 2020லேயே தோன்றியதுதான். 18 அங்குலச் சுவரில் நாலு துளை என்றதும் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். 2023 கோடையில் வெள்ளையடிக்க வந்தபோது உத்தரத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வயரைப் பார்த்து, "இது எதுக்கு சார், பிடுங்கிடலாமா?" என்று கேட்டார் பெயிண்டர். பழைய கேபிள் டிவி வயர். எப்போதோ ரேழியிலிருந்து இரண்டாம் கட்டு டிவிக்கும் மாடி அறைக்கும் இழுத்தது. நாலு சுவரிலும் துளை ஏற்கெனவே இருக்கிறது! மூன்று வருடமாக அதற்குக் கீழேதான் நடமாடிக்கொண்டிருந்தேன்.

முதலில் வாங்கிய கேபிளில் ஏமாந்தேன். உறையில் கேட் 6 (லேன் கேபிளின் தரப் பெயர்) என்றுதான் அச்சிட்டிருந்தது, விலையும் சல்லிசு. வீட்டுக்கு வந்து கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். நாலு முறை வளைத்தால் ஒடிகிறது. வேறு கடையில், சுரண்டிக் காட்டச் சொல்லி, முழுச் செம்பு 60 மீட்டர் வாங்கினேன், மீட்டர் 32 ரூபாய். வீட்டுக்குள் ஓடும் தூரத்துக்கு கேட் 5இ கூடப் போதும். 1 ஜிகாபிட்டை 100 மீட்டர் வரை கொண்டுபோகும். கேட் 6 வாங்கியது கொஞ்சம் ஆசை, கொஞ்சம் பின்னால் உதவும் என்ற கணக்கு.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பழைய வயரின் முனையில் புது கேபிளைக் கட்டி இன்சுலேஷன் டேப் சுற்றினார். நான் ரேழியிலிருந்து விட, அவர் அந்தப் பக்கம் இழுத்தார். இரண்டாம் கட்டில் ஒரு தடவை சிக்கியது, அவ்வளவுதான். எலிக்கும் அணிலுக்கும் பயந்து, தெரியும் இடமெல்லாம் பிவிசி பைப்பில் விட்டோம். கரண்ட் வயரோடு ஒட்டி ஓட விடாமல் ஒரு சாண் தள்ளி, குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர்க்கோணத்தில். முனையில் ஆர்ஜே45 (லேன் துளையில் செருகும் ப்ளக்) அடித்துச் செருகினால் 100 எம்பிபிஎஸ்தான் காட்டியது. நீல ஜோடியில் ஒரு கம்பி பல்லில் கடிபடவில்லை. 100க்கு ஆரஞ்சும் பச்சையும் போதும், ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். வெட்டி மறுபடி அடித்ததும் 1000. லேன் போட்டும் வேகம் 95ஐத் தாண்டவில்லை என்று புலம்புகிறவர்கள் முனையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேபிள், பைப், 5 துளை ஸ்விட்ச் (ஒரு லேன் இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி), கூலி எல்லாம் சேர்த்து 5,500 ரூபாய். பவர்லைன் ஜோடிக்குக் கொடுத்த அதே தொகை. மெஷ் பெட்டிகளைத் தூக்கிப் போடவில்லை. மூன்றையும் கேபிளில் கோத்தேன். பெட்டிகள் தங்களுக்குள் கம்பியில் பேசிக்கொள்ள, ரேடியோ முழுவதும் போனுக்கும் டிவிக்கும் மிச்சம். நான் குறை சொன்ன அதே மலிவு மெஷ் இப்போது மாடி அறையில் திட்டத்தின் வேகத்தை முழுசாகக் கொடுக்கிறது. பிங் ஒரே சீர். மிக்ஸி எப்போது வேண்டுமானாலும் ஓடலாம்.

யாராவது கேட்டால் நான் சொல்வது: சொந்த வீடு, ஏதாவது ஒரு பழைய வயர் வழி இருக்கிறது என்றால் கேபிள். வாடகை வீடு, இரண்டு படுக்கையறை ஃப்ளாட் என்றால் மெஷ்ஷே அதிகம், ரவுட்டரை நடு ஹாலுக்கு நகர்த்தினாலே பாதி தீரும். பவர்லைனை, வாங்கிய பத்து நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்ற உறுதி இருந்தால் மட்டும் வாங்குங்கள். உங்கள் வீட்டுக் கம்பிக்குள் என்ன இருக்கிறது என்று செருகிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

கேபிளுக்கும் ஒரு தண்டனை கிடைத்தது. இரண்டாம் கட்டிலிருந்து மாடி அறைக்குப் போகும் துண்டு ஓட்டுக்கு மேல் வெளியில் ஓடுகிறது. 2024 ஐப்பசியில் பக்கத்தில் எங்கோ இடி விழுந்து ஸ்விட்ச்சில் இரண்டு துளையும் மாடிப் பெட்டியின் லேன் துளையும் போயின. செம்புக் கம்பி என்றால் இது உண்டு. புதுப் பெட்டி வரும்வரை பத்து நாள், அலமாரியில் கிடந்த பவர்லைன் ஜோடிதான் கைகொடுத்தது. அது இப்போது கொல்லை மோட்டார் அறை கேமராவுக்கு ஓடுகிறது. அந்த வேலைக்கு 20 எம்பிபிஎஸ் தாராளம்.

வெளியில் ஓடும் அந்தத் துண்டை மட்டும் ஃபைபராக மாற்றலாமா என்று அண்ணனிடம் விலை கேட்டிருக்கிறேன். அதுவரை, இடி இடித்தால் டிவி ப்ளக்கைப் பிடுங்கும் அம்மா, கூடவே ஸ்விட்ச்சிலிருந்து மாடிக்குப் போகும் நீல லேன் வயரையும் பிடுங்கிவிடுகிறார். மீட்டிங் நடுவில் இருந்தாலும்தான்.