டிஸ்க் 100%: மூன்று டிரைவ், மூன்று காரணம்

என் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஒரு சாட்டா (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் முறை) எஸ்எஸ்டியில் இருக்கிறது. படங்களும் வீடியோக்களும் 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) ஹார்ட் டிஸ்க்கில். பேக்கப்புக்கு யுஎஸ்பியில் மாட்டும் ஒரு ஹார்ட் டிஸ்க். பல வருடப் புழக்கத்தில் மூன்றுமே ஏதோ ஒரு கட்டத்தில் மெதுவாகி இழுத்திருக்கின்றன. காரணம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆனால் டாஸ்க் மேனேஜரில் எல்லாவற்றுக்கும் ஒரே காட்சிதான்: டிஸ்க் 100%.

அந்த 100-ஐப் பார்த்துப் பதறத் தேவையில்லை. டிரைவ் சும்மா இல்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. எவ்வளவு வேலை நடக்கிறது என்பதைப் பக்கத்திலிருக்கும் வேகமும் ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைமும்தான் சொல்லும். ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் பெரிய ஃபைலைப் படித்துக்கொண்டு 100% காட்டினால் அது நல்ல ஆரோக்கியம். வேகம் 1 எம்பிகூட இல்லாமல், ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரம் மில்லிசெகண்டைத் தாண்டினால்தான் கோளாறைத் தேட வேண்டும். 7200 ஆர்பிஎம்மில் தட்டு ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லிசெகண்ட் ஆகும். டேட்டாவைப் படிக்கும் ஹெட் நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் சின்ன ஃபைல் ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து மில்லிசெகண்ட் போவது சாதாரணம். ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் உள்ள ஃபோல்டர் ஹார்ட் டிஸ்க்கில் மெதுவாகத்தான் போகும். அதற்கு ரிப்பேர் கிடையாது.

இதைவிட எனக்கு அதிகம் உதவியது, காப்பி செய்யும்போது 'மோர் டீட்டெயில்ஸ்' அழுத்தினால் வரும் பச்சை கிராஃப். அதன் வடிவமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

முதலில் இழுத்தது உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் கிராஃப் திடீரென்று பூஜ்யத்தில் விழும், சில விநாடி அப்படியே நிற்கும், மறுபடி ஏறும். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தபோது, கெட்ட செக்டார்களை (டேட்டா எழுதும் சிறு கட்டங்கள்) எண்ணும் 05, சி5 வரிகள் இரண்டும் பூஜ்யம். அதாவது தட்டில் கெட்ட செக்டார் எதுவும் பதிவாகவில்லை. ஆனால் சி7, அதாவது சிஆர்சி எர்ரர், காப்பி செய்யச் செய்ய ஏறிக்கொண்டே இருந்தது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் டேட்டா சிதைந்து, திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறது என்று அர்த்தம். சாட்டா கேபிள் கனெக்டரை ஒட்டி நன்றாக மடிந்திருந்தது. கேபிளை மாற்றினேன், முடிந்தது. இந்த எண் ஒருபோதும் குறையாது. கேபிள் மாற்றிய பிறகும் பழைய எண்ணிக்கை அப்படியே நிற்கும், மேலே ஏறாமல் இருந்தால் போதும். அப்புறம், அந்த சாஃப்ட்வேர் எண்களை ஹெக்ஸில் (16-இன் அடிப்படையில்) காட்டும். செட்டிங்கில் டெசிமலுக்கு மாற்றிக்கொண்டால் குழப்பமில்லை.

ஏறியது சி7 இல்லாமல் சி5 ஆக இருந்திருந்தால் கதையே வேறு. படிக்க முடியாத செக்டாரோடு டிஸ்க் போராடுகிறது என்று பொருள். அந்த நிலையில் 'முதலில் செக்டிஸ்க் /r ஓட்டு' (கெட்ட செக்டாரைத் தேடும் விண்டோஸ் கருவி) என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். முழு டிஸ்க்கையும் படிக்க வைப்பது, சாகக் கிடக்கும் டிஸ்க்குக்குக் கடைசி அடியாகிவிடலாம். முக்கியமானதை வெளியே எடுத்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

எஸ்எஸ்டி விஷயம் சின்னது. கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். இன்றைய பெரும்பாலான எஸ்எஸ்டிகள் காலி இடத்தில் ஒரு பகுதியை எஸ்எல்சி கேஷாக, அதாவது வேகமாக எழுதும் தற்காலிக இடமாக, வைத்து வேகம் காட்டுகின்றன. இடம் குறையக் குறைய அந்தக் கேஷும் சுருங்கும். அது தீர்ந்ததும் டிரைவின் நிஜ வேகம் வெளியே வரும். ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக வைத்த பிறகு தொந்தரவு இல்லை. விண்டோஸின் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' எஸ்எஸ்டிக்கு ட்ரிம் (அழித்த டேட்டாவின் இடம் காலி என்ற தகவல்) அனுப்புகிறது, சிதறிய ஃபைல்களைச் சேர்க்கும் டிஃப்ராக் சாஃப்ட்வேர் எதுவும் தனியாக வேண்டாம். எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'டிரான்ஸ்ஃபர் மோடு' வரியையும் ஒரு தடவை பாருங்கள். சாட்டா/300 | சாட்டா/600 என்று இருந்தால், 600 போகக்கூடிய டிரைவ் 300-இல் ஓடுகிறது என்று பொருள். பெரும்பாலும் பழைய போர்ட்டில் மாட்டியிருப்பார்கள். 550 எம்பி வரவேண்டிய இடத்தில் 280 தாண்டாது. ஹார்ட் டிஸ்க் எப்படியும் அந்த வேகத்தைத் தொடாது என்பதால் அதற்கு இதில் நஷ்டமில்லை.

பேக்கப் டிஸ்க்தான் இன்றுவரை தீராதது. கிராஃப் ஜோராக ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்தில் சரிந்து பத்து, பதினைந்து எம்பியில் தவழும். அது எஸ்எம்ஆர் டிஸ்க். டேட்டா எழுதும் வட்டப் பாதைகளான டிராக்குகள் கூரை ஓடுபோல ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருப்பதால், நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. 2020-இல், எஸ்எம்ஆர் என்பதை வெளிப்படையாகச் சொல்லாமல் சில மாடல்களை விற்றது பெரிய சர்ச்சையே ஆனது. எஸ்எம்ஆர் அல்லாத டிஸ்க்கை மெதுவான யுஎஸ்பி 2.0 போர்ட்டில் மாட்டினால் கிராஃப் சரியாது, தொடக்கம் முதலே 35 எம்பி சுமாரில் தட்டையாகப் போகும். அப்படித் தெரிந்தால் போர்ட்டை மாற்றுங்கள். சரிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இப்போது பேக்கப்பை இரவில் ஓட விட்டுவிடுகிறேன். முடிந்தவுடன் பிடுங்காமல் சிறிது நேரம் மின்சாரத்தில் விட்டு வைத்தால், உள்ளுக்குள் அதுவே எழுதியதை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது, அடுத்த முறை தொடக்க வேகமாவது கிடைக்கிறது. படிப்பதில் எந்தக் குறையும் இல்லை என்பதால் தூக்கிப் போட மனமில்லை. அடுத்து வாங்குவது சிஎம்ஆர் (டிராக்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத வகை) என்று டேட்டாஷீட்டில் எழுதியிருப்பதாகத்தான் இருக்கும்.