ஈக்யூ ஸாப்: ஹேவர்ட் பிளவுப் பக்கம் வீடு தேடுபவர்களுக்கு

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் பக்கம் வீடு பார்க்கும் நம்மவர்கள் பள்ளிக்கூட ரேட்டிங்கை அலசுகிற அளவுக்கு அடியில் இருக்கும் மண்ணைப் பற்றி விசாரிப்பதில்லை. கலிஃபோர்னியா மாநிலப் புவியியல் துறையின் ஈக்யூ ஸாப் வரைபடம் இதற்கென்றே இருக்கிறது. இலவசம், பிரவுசரில் முகவரியைத் தட்டினால் போதும், அந்த மனை நிலநடுக்கத்தில் நிலம் உடைந்து நகரக்கூடிய நிலப்பிளவு மண்டலத்தில் வருகிறதா, நிலம் குலுங்கினால் மண் சேறாக இளகும் இடமா, சரிவு சரிந்து வரும் இடமா என்று மூன்றுக்கும் பதில் வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது பிளவுக் கோடுகள்தான். பெரிதாக்கிப் பாருங்கள், எல்லாம் ஒரே மாதிரி இருக்காது: முழுக்கோடு என்றால் இடம் நன்றாகத் தெரியும், விட்டுவிட்டு வந்தால் தோராயம், புள்ளிக்கோடு என்றால் மேல்மண்ணுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. இந்தக் கோடுகளுக்காக வான்படங்களையும் லேசர் அளவீடுகளையும் வைத்து மேடுபள்ளம் தேடி, நீளக் குழி வெட்டி, மண்ணடுக்கு எங்கே அறுந்திருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். ஃப்ரீமாண்டிலேயே டைசன் லகூன் என்ற இடத்தில் வெட்டிய குழிகளில்தான், ஊர் வழியே ஓடும் ஹேவர்ட் பிளவு சுமார் 1,900 ஆண்டுகளில் 12 முறை பெரிதாக உடைந்த தடயம் கிடைத்தது. கடைசி முறை 1868.

மண்டலத்துக்குள் வீடு வந்தால் உடனே ஓட வேண்டாம். அது சராசரியாகக் கால் மைல் அகலம், பிளவு அதற்குள் எங்கேயோ ஓடுகிறது. 1972 சட்டப்படி பிளவின் மேலேயே புதுக் கட்டடம் கூடாது, வழக்கமாக 50 அடியாவது தள்ள வேண்டும். ஆனால் அதற்கு முன்பு கட்டிய வீடுகள் அங்கங்கே கோட்டின் மேலேயே நிற்கின்றன.

குறை என்றால், நிறம் இல்லாத இடத்தைப் பார்த்ததும் அப்பாடா என்று தோன்றிவிடும், அது தப்பு. சில பகுதிகளை இன்னும் ஆய்வே செய்யவில்லை. தவிர, நிலம் எவ்வளவு பலமாகக் குலுங்கும் என்பதை இந்த வரைபடம் சொல்லாது. 1989 லோமா ப்ரியேட்டா நிலநடுக்கத்தில் மையத்திலிருந்து கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த சான் ஃபிரான்சிஸ்கோ மரீனாவில் வீடுகள் சரிந்தன, காரணம் கொட்டி நிரப்பிய மண். நிறம் இல்லாவிட்டால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை, இதை வரைபடத்தின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும்.

விற்பவர் மண்டல விவரத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது சரி, ஆனால் அந்தத் தாள் கைக்கு வரும்போது மனசு பாதி குடியேறியிருக்கும். அதனால் வீட்டை வாங்குவதாக ஆஃபர் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். கோடு மனைக்குப் பக்கத்தில் வந்தால் நகராட்சியில் போய் அந்தத் தெருவில் முன்பு செய்த பிளவு ஆய்வு அறிக்கை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள், அப்புறம் உரிமம் பெற்ற புவியியலாளர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள்.