தில்லி பால்கனிக்குக் குட்டை மாதுளையா, ஃபைகஸா?

தில்லியில் முதன்முதலாக போன்சாய் வாங்கப் போகிறவர் கையில் நர்சரிக்காரர் திணிப்பது அநேகமாக ஃபைகஸாகத்தான் இருக்கும். "மர்தா நஹீ, மேடம்" என்பார். பொய்யில்லை, அது லேசில் சாகாதுதான். ஆனால் மயூர் விகாரில் தெற்குப் பார்த்த பால்கனியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் வைத்து வளர்த்தவள் என்ற முறையில், புதிதாக வாங்குகிறவருக்கு நான் சொல்வது குட்டை மாதுளையைத்தான். பூவும் காயும் கிடக்கட்டும், அவை உபரி வரவு. நான் சொல்ல வருவது குளிர்காலத்தைப் பற்றி.

ஃபைகஸின் பலங்கள் போன்சாய் வளர்ப்பவர் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆல், அரசு, அத்தி எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். வேர் சீக்கிரம் பருக்கும், வெட்டின இடம் சீக்கிரம் மூடும், வடிவத்துக்காகக் கம்பி சுற்றினால் கிளை வளைந்து கொடுக்கும். இந்த மூன்றிலும் மாதுளை பின்தங்கித்தான் நிற்கிறது. அடிமரம் பருக்க வருடக்கணக்கில் ஆகும். முற்றின கிளையை வளைக்கப் போனால் பட்டென்று ஒடியும். பெரிய வெட்டுக்காயம் முழுசாக மூடவே மூடாது. ஆனால் பட்டை உரிந்து, தண்டு தானாகவே லேசாக முறுக்கிக்கொள்ளும்போது சின்ன மரத்துக்குக் கிழட்டுக் களை வந்துவிடுகிறது. ஜப்பானில் முறுக்குத் தண்டுக்கென்றே பெயர் பெற்ற மாதுளை ரகம் உண்டு, நெஜிகன் என்பார்கள்.

வாங்கும்போது 'நானா' என்ற குட்டை ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும். பழத்துக்காக வளர்க்கும் பகவா ரகத்தையும் தொட்டியில் வைத்து வெட்டி வெட்டி ஒடுக்கலாம். இலை கொஞ்சம் சிறுக்கும், பூவும் பழமும் சிறுக்காது. ஒரு சாண் மரத்தில் கடைப் பழம் தொங்கினால் பார்க்கவே சகிக்காது. நானாவில் இலையே மிகச் சின்னது, பூவும் அதற்கேற்ற அளவு. பழம் எலுமிச்சை அளவுக்கு மேல் போகாது. வாயில் போட்டால் ஒரே புளிப்பு, கொட்டைதான் மிச்சம்.

இனி குளிர்காலத்துக்கு வருவோம். சென்னையில் மாதுளை வருஷம் முழுக்கப் பச்சையாகவே இருக்கும். தில்லியில் அப்படியில்லை. தீபாவளி கழிந்து சில வாரங்களில் இலை மஞ்சளாகும், டிசம்பர் கடைசிக்குள் பெரும்பாலும் கொட்டிவிடும். ஊரில் புகையும் பனிமூட்டமும் சேர்ந்து வெயிலை மறைக்கிற அதே நாட்களில் இது தூங்கப் போய்விடுகிறது. இலையே இல்லாத மரத்துக்கு வெளிச்சம் குறைந்தால் என்ன, புழுதி படிந்தால் என்ன? 2021 ஜனவரி 1 அன்று தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி வரை இறங்கியது. தூங்குகிற மாதுளைக்கு அது ஒரு குளிரே அல்ல, இமயமலை அடிவாரத்தில் காட்டு மாதுளையாகவே வளர்கிற இனம் இது. அதன் விதையைக் காயவைத்ததுதான் இங்கே கடையில் விற்கும் அனார்தானா.

ஃபைகஸ் அந்தக் குளிர் மாதங்கள் முழுக்க இலையோடு நின்று அவஸ்தைப்படும். பத்து டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். இலை மேல் நவம்பர்ப் புகை கறுப்பாகப் படியும், ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். பாவமே என்று உள்ளே கொண்டு வந்து ஹீட்டர் அறையில் வைத்தால், இட மாற்றத்துக்கே கோபித்துக்கொண்டு கொத்துக் கொத்தாய் உதிர்க்கும். சாகாது, உண்மைதான். பிப்ரவரியில் பார்த்தால் பாதி மொட்டையாக, அலங்கோலமாக நிற்கும்.

மாதுளையைக் குளிர்காலத்தில் உள்ளே கொண்டு வரவே கூடாது. வீட்டுச் சூட்டில் விழித்துக்கொண்டு, வெளிச்சம் போதாமல் வெளிறின நோஞ்சான் துளிராக விடும், அது நிற்காது. தெற்குச் சுவரை ஒட்டி, வாடைக் காற்று நேரே அடிக்காத மூலையில் வைத்தால் போதும். உரம் வேண்டாம். மேல்மண் காய்ந்த பிறகு காலை வேளையில் மட்டும் தண்ணீர். தூங்குகிற மரத்துக்குத் தினமும் ஊற்றினால் வேர் அழுகும், குளிரைவிட அதுதான் ஆபத்து.

எதிர் ஃப்ளாட் மாமி ஒவ்வொரு ஜனவரியும் கேட்பார்: "காஞ்சு போச்சேம்மா, இதை எதுக்கு இன்னும் வெச்சிண்டிருக்கே?" நான் ஒரு கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிக் காட்டுவேன். தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, நாராக இருந்தால் அந்தக் கிளை மட்டும் போயிற்று. உள் கிளை ஒன்றிரண்டு அப்படிப் போவது மாதுளைக்குச் சகஜம்.

இன்னொரு லாபம் பொங்கல். ஊருக்குப் போகிற வாரம் இதற்கும் தூக்கத்தின் நடுப்பகுதி. கிளம்பும் முன் நன்றாக நனைத்துவிட்டுப் போனால், சாவியைக் கொடுத்து ஆளைத் தேட வேண்டியதில்லை. மே மாத லீவுக்கு இந்தச் சலுகை கிடையாது. லூ என்கிற கோடை அனல் காற்று அடிக்கும்போது தட்டைத் தொட்டி மாதுளைக்குக் காலை, மாலை இரு வேளையும் தண்ணீர் வேண்டும், ஒரு நாள் தவறினால் மொட்டெல்லாம் உதிரும். வெயிலில் ஃபைகஸ் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிறது. நான் சொல்வது பால்கனிக் கணக்குதான். மொட்டை மாடியில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகலாம்.

பிப்ரவரியில் செம்பு நிறத்தில் மொட்டு உப்பத் தொடங்கும்போதே தொட்டி மாற்றிவிட வேண்டும். ஃபைகஸுக்கு மார்ச் கடைசி வரையோ மழைக்காலம் வரையோ காத்திருக்கலாம். மண்ணுக்கு இங்கே பதர்பூர் என்ற பெயரில் கிடைக்கிற பருமணலும் செங்கல் ஜல்லியும் மக்கின சாணமும் போதும். சலித்து, மாவாக இருப்பதைத் தள்ளிவிட வேண்டும். போர்வெல் தண்ணீரின் உப்பை மாதுளை ஓரளவு தாங்கும்.

பூ புதுத் துளிரின் நுனியில் வரும். அதனால் வடிவத்துக்காகக் கிள்ளிக்கொண்டே இருந்தால் அந்த வருஷம் பூ இல்லை. குளிர்காலக் கடைசியில் வெட்டி முடித்துவிட்டு அப்புறம் கையைக் கட்டிக்கொள்வதுதான் வழி. மணி மாதிரி அடி குறுகின பூக்கள் உதிரத்தான் உதிரும், அடி பருத்த ஜாடி வடிவப் பூதான் காயாகும். சின்ன மரத்தில் ஒன்றிரண்டு காய்க்கு மேல் விடாதீர்கள். வசந்தத் துளிரில் அசுவினிப் பூச்சி மொய்க்கும், வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் அடங்கும். ஃபைகஸில் இலையை மடித்துச் சுருட்டுகிற இலைப்பேன் வந்தால் இலை இலையாகப் பறித்துப் போட வேண்டியிருக்கும்.

வடக்குப் பார்த்த, வெயிலே விழாத பால்கனி என்றால் மாதுளை வேண்டாம். அது பூக்காது, கிளைகள் நீண்டு மெலியும். அவர்களுக்கு ஃபைகஸ்தான். மற்றவர்கள் மாதுளையை ஜனவரியில் மொட்டையாக நிற்கும்போதே போய்ப் பாருங்கள். இலை மறைக்காததால் தண்டின் முறுக்கும் கிளை அமைப்பும் அப்படியே தெரியும், நர்சரிக்காரரும் காய்ந்த குச்சிக்குப் பெரிதாக விலை சொல்ல மாட்டார்.